மூன்றாவது கடிகாரம் நிற்கவில்லை

மிஸ் அயோனி டேக்கர்ஸின் வலது கட்டைவிரலைப் பற்றி எங்கள் ஸ்வீட் கல்லி ஊரில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். ஒரு தும்மலை அந்த விரலால் நாலு துண்டாக வெட்டி, நாலு பேருக்குச் சமமாகப் பங்கு வைப்பார். கண் சிமிட்டும்போது இமை கீழே இறங்க எவ்வளவு நேரம், மேலே ஏற எவ்வளவு நேரம் என்று தனித்தனியாகச் சொல்வார். நான் கூட்டிச் சொல்கிறேன் என்று நினைப்பீர்கள். கூட்டித்தான் சொல்கிறேன். ஆனால் கொஞ்சம்தான்.

செம்மண் சாலை முடிகிற இடத்தில் அவருடைய ரொட்டிக் கடை. விறகு அடுப்பு. சுவரில் கடிகாரம் கிடையாது. மாவை அடுப்புக்குள் தள்ளிவிட்டு வாசலில் வந்து நின்று போகிறவர் வருகிறவரோடெல்லாம் வம்பு பேசிக்கொண்டிருப்பார். பேச்சின் நடுவில் கட்டைவிரல் தானாக ஒரு தடவை மடங்கும். உடனே உள்ளே போய் நீளக் கட்டையை நீட்டி ரொட்டியை இழுப்பார். அந்த நொடியில்தான் ரொட்டி வெந்திருக்கும். ஒரு நொடி முன்னால் இழுத்திருந்தால் பச்சை மாவு, ஒரு நொடி பின்னால் இழுத்திருந்தால் கரி. நான் சொல்லப்போகிற அந்தச் சனிக்கிழமை வரை, இருபத்தைந்து வருடத்தில் ஒரு ரொட்டிகூடக் கருகியதில்லை. ஜமைக்கா முழுவதும் தேடினாலும் இப்படி இன்னொரு விரல் அகப்படாது.

அந்த விரலை முதலில் கண்டுபிடித்தவர் எங்கள் பள்ளியின் தலைமை ஆசிரியர், டீச்சர் பிராம்ஃபீல்ட். வருடா வருடம் நடக்கும் ஓட்டப் பந்தயத்துக்கு மூன்று பேர் ஸ்டாப்வாட்ச் பிடிக்க வேண்டும். ஒருவர் அவர். இன்னொருவர் காவல் நிலையத்து சார்ஜன்ட் லிண்டோ. மூன்றாவது ஆளாக மிஸ் அயோனியை உட்கார வைத்தார்.

எங்கள் ஊரில் ஓட்டம் என்றால் விளையாட்டில்லை. பிள்ளைகள் நடப்பதற்கு முன்னாலேயே ஓடக் கற்றுக்கொள்வார்கள். தவழ்கிற குழந்தை சற்று முந்திக் கிளம்பிவிட்டால், தொடக்கம் தப்பு என்று தூக்கி வந்து மறுபடி பாயில் குப்புறப் போடுகிற அப்பன்மார்கள் இங்கே உண்டு.

பந்தயத் திடல் என்பது புல்தரைதான். வெள்ளிக்கிழமை வரை அது ஆடுகளுக்குச் சொந்தம். சனிக்கிழமை ஆடுகளை விரட்டிவிட்டுச் சுண்ணாம்பில் கோடு போட்டால் எங்களுக்குச் சொந்தம். முடிவுக் கோட்டின் ஓரத்தில் மரத்தில் செய்த மூன்று படி. மேல் படியில் சார்ஜன்ட், நடுப்படியில் டீச்சர், கீழ்ப்படியில் மிஸ் அயோனி. அதற்குக் கீழே, தரையில் நான். மற்ற நாளில் இளநீர் விற்பவன், பந்தய நாளில் நூல்காரன். ஜெயிக்கிறவர் நெஞ்சால் அறுத்துக்கொண்டு போக ஒரு வெள்ளைக் கம்பளி நூல் இருக்கும். அதன் ஒரு முனை என் கையில். மறுமுனையை ஒரு கம்பத்தில் கட்டியிருப்பார்கள், என்னைப்போல் திறமையான இன்னொரு ஆள் கிடைக்காததால்.

முதல் வருடம் டீச்சர் மிஸ் அயோனிக்குச் சொன்ன பாடம் எனக்கு இன்னும் மனப்பாடம். நான் பள்ளியில் படித்த எதுவும் இப்படி நினைவில் இல்லை. படித்ததே மூன்று வகுப்புதான் என்பது வேறு விஷயம்.

"துப்பாக்கியில பொகை தெரிஞ்ச ஒடனே அழுத்துங்க. சத்தத்துக்குக் காத்திருந்தா லேட்டாயிடும். அழுத்தினதும் கண்ணு நூல் மேல வந்துடணும். ஓடுற பிள்ளைங்கள மட்டும் பாக்கவே கூடாது மிஸ் அயோனி. பாத்தா வெரல் மயங்கிடும்."

அவர் அப்படியே செய்தார். புகை, நூல், புகை, நூல். பத்தொன்பது வருடம்.

இப்போது டெல்ரோஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். டெல்ரோஸ் டலக், மேட்டுக் கல்லிப் பக்கத்துப் பெண். அந்தப் பத்தொன்பதாவது வருடம் அவளுக்குப் பதினேழு. அவளைப்போல் தூங்குகிறவள் உலகத்தில் பிறந்ததில்லை. பாடத்தில் தூங்குவாள், ஜெபத்தில் தூங்குவாள், தூங்கியதற்காகத் திட்டு வாங்கும்போது நின்றபடியே தூங்குவாள். பந்தயம் தொடங்கும் முன் யாராவது போய் ஈரப்பலா மரத்தடியிலிருந்து அவளை எழுப்பிக் கூட்டி வர வேண்டும். கொட்டாவி விட்டுக்கொண்டே கோட்டில் வந்து குனிவாள். துப்பாக்கி வெடிக்கும். அதற்குப் பிறகு நடப்பதைத்தான் ஊரே வாய் பிளந்து பார்க்கும். விழித்து எழுந்து ஓடுகிறவள் மாதிரி இருக்காது. கனவு கலையாமலே, அதற்குள்ளேயே கொஞ்சம் வேகமாகப் புரண்டு படுத்தவள் மாதிரி இருக்கும்.

பள்ளிச் சுவரில் டீச்சர் ஒரு செய்தித்தாள் துண்டை ஒட்டி வைத்திருந்தார். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள பெண்களில் உலகத்திலேயே வேகமாக நூறு மீட்டர் ஓடியவளுடைய நேரம் அதில் இருந்தது. பதினொன்று புள்ளி இரண்டு விநாடி. டீச்சரின் சட்டைப்பையில் இன்னொரு காகிதமும் இருந்தது. அமெரிக்காவில் சோளக்காட்டு நடுவில் உள்ள ஒரு கல்லூரியிலிருந்து வந்த கடிதம். அங்கே ஓட்டம் பழக்கும் ஓர் அம்மாள் எழுதியிருந்தார். உங்கள் பெண் இந்தச் சாதனை நேரத்தைவிட வேகமாக ஓடி, மூன்று கடிகாரக்காரர்களும் கையெழுத்துப் போட்ட தாள் வந்தால், படிப்பு, சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் எங்கள் செலவு என்று. டீச்சர் அதை எத்தனை தடவை எடுத்து மடித்தாரோ, காகிதம் துணியாகிவிட்டது.

அந்தச் சனிக்கிழமை காற்றே இல்லை. ஸ்வீட் கல்லி மொத்தமும் திடலில் இருந்தது. மூவாயிரம் பேர். முன்னூறு என்று டீச்சர் சொல்வார், அவருக்கு எதையும் குறைத்தே சொல்லிப் பழக்கம்.

துப்பாக்கி வெடித்தது. நான் என் வேலையைப் பார்த்தேன், அதாவது நூலைப் பார்த்தேன். ஒரு நொடி நூல் இருந்தது. அடுத்த நொடி இல்லை. இழுபட்டதுகூட என் விரலுக்குத் தெரியவில்லை. ஓடி வந்தவள் நிற்காமல் திடலைத் தாண்டி, ஈரப்பலா மரத்தடிக்குப் போய், நெஞ்சில் என் நூலோடு உட்கார்ந்து கொட்டாவி விட்டாள்.

மேல் படியிலிருந்து சார்ஜன்ட் சத்தமாகப் படித்தார். பதினொன்று புள்ளி ஒன்று. டீச்சர் தன் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று புள்ளி ஒன்று. கூட்டம் மூச்சை உள்ளே இழுத்ததில் பக்கத்து மரத்து இலையெல்லாம் இந்தப் பக்கம் சாய்ந்தது. டீச்சர் கீழே குனிந்தார்.

"மிஸ் அயோனி, உங்க நம்பர்?"

"ஓடிட்டிருக்கு டீச்சர்."

"யாரு?"

"கடிகாரம்."

அவர் கையை விரித்துக் காட்டினார். நாற்பத்து மூன்று. நாற்பத்து நான்கு. நாற்பத்தைந்து. முள் அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. மிஸ் அயோனி அதைப் பார்க்கவில்லை. மரத்தடியைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஏதோ இன்னும் முடியாத மாதிரி.

இரண்டு கடிகாரம் போதாது, மூன்று வேண்டும். டெல்ரோஸின் கல்லூரி அந்தக் கட்டைவிரலில் நின்றுபோயிருந்தது. எல்லோரும் படியைச் சுற்றி வந்துவிட்டோம். சார்ஜன்ட் இறங்கி வந்து, இரண்டு பேர் பார்த்தாகிவிட்டது, நீங்களும் அதையே எழுதிவிட்டால் போதும், போலீஸ்காரன் நானே சொல்கிறேன் என்றார். ஒரே ஒரு குட்டிப் பொய், அடுப்பில் உதிர்ந்த ரொட்டித் துணுக்கு அளவுகூட இல்லை என்று நான் சொன்னேன். பாதிரியார் இந்தப் பேச்சு காதில் விழாதவர் மாதிரி மேகங்களை எண்ணத் தொடங்கினார். அன்று மேகமே இல்லை.

மிஸ் அயோனி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"நான் நம்பரப் பாக்கலையே. அவளத்தான் பாத்தேன். பாக்காதத எப்படி எழுதுவேன்?"

பத்தொன்பது வருடம் முடிவுக் கோட்டில் உட்கார்ந்திருந்த பெண்மணி அதுவரை ஒரு பந்தயத்தைக்கூடப் பார்த்ததில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்று ஒரே ஒரு தடவை, நூலிலிருந்து கண் விலகிவிட்டது.

சார்ஜன்ட் அவரைத் திட்டினார். டீச்சரும் திட்டினார், நன்றாகப் படித்த வார்த்தைகளால். நாங்கள் கூட்டமாகத் திட்டினோம். அதற்குள் டெல்ரோஸ் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து, என்ன ஆயிற்று என்று கேட்டாள். யாரோ சொன்னார்கள். அவள் மிஸ் அயோனியின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு டீச்சரிடம் திரும்பி, "இன்னொரு தடவ ஓடுனாப் போச்சு. அதுக்கு முந்தி கொஞ்சம் தூங்கிக்கிறேன்" என்றாள்.

டீச்சர் விதிப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டிவிட்டு, ஒரே நாளில் இரண்டாவது தடவை ஓடக் கூடாது என்று எங்கேயும் போடவில்லை என்று அறிவித்தார்.

அவள் தூங்கிய அந்த நாற்பது நிமிடத்தை நான் மறக்க மாட்டேன். ஊரே அவளுக்காக அடங்கி உட்கார்ந்தது. கைக்குழந்தைகள் அழாதபடி அவர்கள் வாயில் கரும்புத் துண்டு வைத்தார்கள். வேலியோரம் கத்தப் பார்த்த ஆட்டின் வாயை இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். மரத்து நிழல் அவள் கால் மேல் ஏறி, முழங்கால் ஏறி, மெதுவாகத் தோள் வரைக்கும் போனது. செம்மண் வாசனையும் புல் வாசனையும் கலந்து வந்தது. நடுவில் எனக்கே ஒரு தூக்கம் வந்து போனது. அதில் நான் ஓடிக்கொண்டிருந்தேன், இளநீர் வண்டியோடு, எல்லோரையும் முந்திக்கொண்டு. மிஸ் அயோனி மட்டும் தூங்கவில்லை. கீழ்ப்படியில் உட்கார்ந்து கட்டைவிரலை மடக்கி மடக்கி நீட்டிக்கொண்டிருந்தார்.

எழுப்பினோம். கொட்டாவி விட்டாள். கோட்டில் குனிந்தாள்.

நடந்ததைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. ஆனால் வெட்கம் எனக்கு மட்டும் இல்லை, முன்னூறு பேருக்கும் பங்கு உண்டு. துப்பாக்கி வெடித்ததும் எல்லோருக்கும் ஒரே கவலை. இந்தத் தடவையாவது அந்த விரல் அழுத்துமா? கூட்டம் முழுவதும் கழுத்தைத் திருப்பி மிஸ் அயோனியின் கட்டைவிரலைப் பார்த்தது. பாதிரியார் பார்த்தார். துப்பாக்கி சுட்டவர் அந்தக் கோடியிலிருந்து எட்டிப் பார்த்தார். நான், நூல்காரன், நூலைக் கையில் வைத்துக்கொண்டே விரலைப் பார்த்தேன்.

விரல் மடங்கியது. அழகாக, ரொட்டிக்கு மடங்குவதுபோல. கூட்டம் எழும்பிக் கூத்தாடியது. சார்ஜன்ட் மிஸ் அயோனியைக் கட்டிப்பிடிக்க இறங்கி வந்து, பாதிப் படியில் நின்றார். தன் கையைப் பார்த்தார். முகம் மாவு மாதிரி வெளுத்தது, எங்கள் சார்ஜன்ட் முகம் வெளுப்பது சின்ன விஷயமில்லை.

முதலில் மிஸ் அயோனி படித்தார். பதினொன்று. புள்ளிகூடக் கிடையாது. பதினொன்றேதான்.

அடுத்து டீச்சர். அவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. பதினொன்று புள்ளி நான்கு.

கடைசியில் சார்ஜன்ட். பதினொன்று புள்ளி ஐந்து.

மேல் படிக்காரரும் நடுப்படிக்காரரும் குனிந்து, கீழ்ப்படியில் இருந்த விரலைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். அது அழுத்தியதும் நிம்மதியாகி, அப்புறம்தான் தங்கள் கடிகாரம் நினைவுக்கு வந்திருக்கிறது.

"வெரலப் பாத்துட்டேன்" என்றார் சார்ஜன்ட், அவ்வளவுதான்.

மூன்று கடிகாரமும் வேறு வேறு நேரம் காட்டினால் நடுவில் உள்ளதுதான் செல்லும் என்பது விதி. நடுவில் இருந்தது பதினொன்று புள்ளி நான்கு. இருவரும் நினைத்திருந்தால் மாற்றிச் சொல்லியிருக்கலாம், யாருக்குத் தெரியப் போகிறது? ஆனால் ஒரு மணி நேரத்துக்கு முன்னால்தான், பொய் சொல்ல மாட்டேன் என்ற பெண்மணியைத் திட்டித் தீர்த்திருந்தார்கள். அவர் இரண்டு கண்ணையும் விரித்து அவர்களையே பார்த்துக்கொண்டிருக்கும்போது எந்த வாயால் பொய் வரும்? டீச்சர் தாளில் பதினொன்று புள்ளி நான்கு என்று எழுதிவிட்டு, துணியாகிப்போன அந்தக் கடிதத்தில் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் ஞாயிறு, கடை மூடியிருந்தது. திங்கட்கிழமை நான் இளநீர் வண்டியை ரொட்டிக் கடை நிழலில் நிறுத்தியிருந்தபோது டெல்ரோஸ் வந்தாள். வெல்லப்பாகு போட்டுச் சுட்ட ஒரு புல்லா கேக் வாங்கினாள். பிட்டு வாயில் போட்டுக்கொண்டே, இன்று மழை வருமா என்று விசாரிக்கிற தொனியில் கேட்டாள்.

"மொத தடவ என்ன பாத்தீங்க மிஸ் அயோனி?"

மிஸ் அயோனி கையிலிருந்த மாவைத் தட்டிவிட்டார். பொகையப் பாத்துட்டு நூலுக்குக் கண்ணத் திருப்பறப்ப நடுவுல நீ வந்துட்ட என்றார். அப்புறம் சொன்னார்:

"நீ ஓடிவந்த மாதிரியே இல்ல. வாயத் தொறந்துகிட்டு, ஏதோ நல்ல சேதி சொல்ல வர்ற மாதிரி வந்த. எனக்குத்தான் சொல்ல வர்றன்னு தோணிச்சு. என்ன சேதின்னு கேட்டுட்டு அழுத்தலாம்னு நின்னேன். நீ பாட்டுக்குத் தாண்டிப் போயிட்ட."

டெல்ரோஸ் மெல்லுவதை நிறுத்திவிட்டாள். "என்ன சேதின்னு எனக்கே தெரியாது மிஸ்."

"ரெண்டாவது தடவ எப்படி ஓடின?" மிஸ் அயோனி கேட்டார்.

"நீங்கதான் பாத்திருக்கணும்."

"நான் நூலப் பாத்தேன்."

இருவரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் வண்டியில் காய்களை அடுக்குவதில் மும்முரமாகிவிட்டேன். உலகத்திலேயே அந்த வயதில் எந்தப் பெண்ணும் ஓடாத ஓட்டம் எங்கள் புல்தரையில் ஓடியது. முன்னூறு பேர் இருந்தோம். ஒருவர்கூடப் பார்க்கவில்லை. அது யாருக்கும் தெரியாமல் வந்து, ஒரு விரலை மட்டும் தொட்டுவிட்டு, போய்விட்டது.

டெல்ரோஸ் கடை வாசலில் உட்கார்ந்து அழுதாள். அவள் விழித்துக்கொண்டிருந்து நான் பார்த்த நேரங்களில் அது ஒன்று. பதினொன்று புள்ளி நான்குக்கு எந்தக் கல்லூரியும் கப்பல் அனுப்பாது என்று அவளுக்கும் தெரியும். மிஸ் அயோனி அவள் பக்கத்தில் உட்காரவில்லை, தலையைத் தடவவும் இல்லை. உள்ளே போய் ஒரு காகிதமும் பென்சிலும் கொண்டு வந்து என் கையில் திணித்தார்.

"அந்தக் காலேஜ் அம்மாளுக்கு எழுது."

டீச்சர எழுதச் சொல்லுங்க என்றேன். டீச்சர் எழுதினால் நடந்ததற்கு வெட்கப்பட்டு அழகாக எழுதுவார், நீ எழுதினால் நடந்தது மட்டும்தான் இருக்கும், அதற்கு மேல் உனக்கு எழுத வராது என்றார். உண்மைதான். மூன்றாம் வகுப்பில் நின்ற கையால், பென்சில் முனை இரண்டு தடவை உடைய, அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். முதல் தடவை இரண்டு கடிகாரம் சரி, மூன்றாவது நிற்கவில்லை, காரணம் நான் அவளைப் பார்த்துவிட்டேன். இரண்டாவது தடவை மூன்றாவது கடிகாரம் சரி, மற்ற இரண்டும் தாமதம், காரணம் அவர்கள் என்னைப் பார்த்துவிட்டார்கள். எங்களிடம் இருப்பது இவ்வளவுதான். கீழே அவர் கையெழுத்து. கூட ஒரு தகர டப்பாவில் ஈஸ்டர் பன்னும் வைத்துக் கட்டினார். அனுப்புகிற பன் போய்ச் சேரும்போது செங்கல்லாகியிருக்கும், அதை வைத்து அந்த அம்மாள் வீட்டுக்கு ஒரு படி கட்டிக்கொள்வார் என்று நான் சொன்னேன். டெல்ரோஸ் அழுதுகொண்டே சிரித்தாள்.

ஐந்து வாரம் கழித்துப் பதில் வந்தது. டீச்சர் அதைப் பள்ளியில் படிக்காமல் ரொட்டிக் கடைக்கே கொண்டுவந்து படித்தார். மூன்று கையெழுத்துப் போட்ட தாள் எனக்கு வருடத்துக்கு நூறு வருகிறது என்று அந்த அம்மாள் எழுதியிருந்தார். கடிகாரம் பிடித்தவரே அழுத்த மறந்துபோனதாக இதுவரை ஒரு தாளும் வந்ததில்லை. அந்தப் பெண்ணை அனுப்புங்கள், நானும் பார்க்க வேண்டும். பன்னுக்கு நன்றி, பல் பிழைத்தது.

டெல்ரோஸ் செப்டம்பரில் போனாள். விமானம் ஏறுமுன்பே தூங்கிவிட்டாள் என்று அவள் அம்மா சொன்னார். அங்கே நாலு வருடம் ஓடினாள். பதினொன்று புள்ளி இரண்டு வரைக்கும் இரண்டு தடவை வந்தாள், அதற்குக் கீழே போகவே இல்லை. இப்போது அங்கேயே கணக்கு டீச்சராக இருக்கிறாள், வகுப்பில் தூங்குகிற பிள்ளைகளை எழுப்புவதில்லை என்று கேள்வி. மூன்று வருடத்துக்கு ஒரு தடவை ஈஸ்டருக்கு வருவாள். இடுப்பு பெருத்துவிட்டது, கொட்டாவி அப்படியே இருக்கிறது.

மிஸ் அயோனி அடுத்த பந்தயத்துக்கு முன்னால் ஸ்டாப்வாட்சைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். டீச்சர் எவ்வளவோ கெஞ்சினார். பத்தொன்பது வருஷம் நூலப் பாத்தது போதும் டீச்சர் என்று சொல்லிவிட்டு, எங்களோடு புல்லில் வந்து உட்கார்ந்தார். ஏழு வயசுப் பொடிசுகளின் சாக்கு ஓட்டத்தைக்கூட எழுந்து நின்று பார்த்தார். கட்டைவிரலை மற்ற நாலு விரலுக்குள் மடக்கி வைத்திருந்தார், அதுவும் ஓய்வெடுக்கட்டும் என்பதுபோல்.

ரொட்டியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் கதை முழுசாகாது. அந்த வருடத்திலிருந்து மாதத்தில் ஒரு நாள், சில மாதம் இரண்டு நாள், ரொட்டி கருகுகிறது. வாசலில் நின்று பேசிக்கொண்டிருப்பார், பேச்சு நின்றுபோகும், சாலையின் நடுவில் எதையோ பார்த்துக்கொண்டு நிற்பார், விரல் மடங்காது. கொஞ்ச நேரத்தில் கருகல் வாசனை செம்மண் சாலை வழியாக இறங்கிக் கல்லி முழுக்கப் பரவும். புதிதாகக் குடிவந்தவர்கள் என்ன கருகுகிறது என்று கேட்பார்கள். அடுப்பைப் பார்க்கச் சொல்லி நாங்கள் யாரும் அவரிடம் ஓட மாட்டோம்.

"டெல்ரோஸ் ஓடிட்டிருக்கா, இரு" என்போம். ஓடி முடிக்கட்டும் என்று காத்திருந்துவிட்டு, கருகினதையே வாங்கிக்கொண்டு போவோம்.